இன்னொருத்தி பெயரில் இருந்த வீடு

பரமட்டா நூலகத்தின் சிறுவர் பகுதியில் தடித்த படப் புத்தகம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் புது ஊர்களை உண்டாக்கியவர்களின் கதைகள் அதில் இருந்தன. எல்லாரும் வெள்ளைக்காரர், ஒரே ஒருவர் மட்டும் கறுப்பர். எழுபதுகளின் நடுவில் அவருடைய கதையை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. யார் வாசித்தாலும் நெஞ்சு நிமிரக்கூடிய கதைதான். எனக்கு மட்டும் வாசிக்க வாசிக்கப் பயம்தான் வரும்.

அவருடைய தகப்பன் அடிமை, தாய் வெள்ளைக்காரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் அவரை ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவர்கள் சொந்தப் பிள்ளையாகவே வளர்த்தார்கள். அவர் பெரியவரானதும் மூன்று பேருமாக வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனார்கள். ஆற்றோரமாக நல்ல நிலம் ஒன்றைப் பிடித்து, காடு வெட்டி, வேலி போட்டார். ஆனால் அந்தப் பகுதியில் கறுப்பர் குடியேறக் கூடாது, நிலம் எழுதக் கூடாது என்று சட்டம். வேறு ஆட்கள் அந்த நிலத்தை எழுதிக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் விழுந்தடித்து ஓடி, வளர்ப்புத் தாய் தகப்பன் பெயரில் அதை எழுதுவித்தார். சில வருடம் கழிந்து சட்டம் விட்டுக்கொடுத்தபோது அவர்கள் நிலத்தை அவர் பெயருக்கே மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு ரயில் பாதை அந்தப் பக்கம் வந்தது. அவரும் மனைவியும் நிலத்தைத் தெருத் தெருவாகப் பிரித்து ஒரு நகரத்தையே உண்டாக்கினார்கள். தேவாலயத்துக்கு இடம் கொடுத்தார். கஷ்ட காலத்தில் ஊருக்கே சாப்பாட்டுச் சாமான் வண்டியில் கொண்டுவந்து கொடுத்தார்.

எழுதியவருக்கு அந்த நகரம் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு நடுவில் இருந்த அந்தச் சில வருடங்கள்தான் பெரிதாகத் தெரிந்தன. நிலம் அடுத்தவர் பெயரில் கிடந்த வருடங்கள். அதற்கிடையில் கிழவர் செத்துப்போயிருந்தால்? கிழவியின் தம்பி ஒருத்தன் வந்து பங்கு கேட்டிருந்தால்? சாப்பாட்டு மேசையில் ஒரு வாய்த்தர்க்கம் வந்து மூன்று பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால்? அந்த வருடங்களில் அந்த மனிதர் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றாரா என்று புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. அவரைப் பற்றி எழுதியவர் சொந்த வீட்டில் இருந்துகொண்டு எழுதியிருப்பார்.

எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இவருக்கு, அதாவது என் கணவருக்கு, பரமட்டாவில் ஒரு அலுவலகத்தில் பாலங்களுக்கு வரைபடம் வரைகிற வேலை. மகளுக்கு ஆறு வயது. வெள்ளையரல்லாதவரை உள்ளே விடாத கொள்கை ஒழிந்துவிட்டது என்று பத்திரிகையில் போட்டாகிவிட்டது. வீடு வாடகைக்கு விடுகிற ஏஜென்ட்மார் பத்திரிகை வாசிப்பதில்லை போலும். தொலைபேசியில் பேசும்போது வீடு இருக்கும். நாங்கள் போய் நின்றதும், “அடடா, இப்போதுதான் போய்விட்டது” என்பார்கள். அந்த வீட்டின் விளம்பரம் அவர்களின் அலுவலகக் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டு அப்படியே ஒட்டியிருக்கும். இவர் “தாங்க் யூ” சொல்லிவிட்டு வருவார். எதற்கு அந்தத் தாங்க் யூ என்று நான் வழி முழுக்கப் பொரிந்து தள்ளுவேன். மூன்று பேரும் ஒரு விடுதி அறையில், ஒரு கட்டிலில் கிடந்தோம்.

இவருடைய பக்கத்து மேசையில் வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருநாள் இதைக் கேட்டிருக்கிறார். அவருக்கும் மனைவிக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள், இரண்டு ஸ்டேஷன் தள்ளிச் சொந்த வீடு இருந்தது. “நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம், நீங்கள் போய் இருங்கள்” என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் மெரிலேண்ட்ஸில் அஸ்பெஸ்டாஸ் தகடு அடித்த அந்தச் சின்ன ஃபைப்ரோ வீடு கிடைத்தது. வாடகை நாங்கள் கொடுத்தோம், புல் நாங்கள் வெட்டினோம், ஒப்பந்தத்தில் பெயர் மட்டும் அவர்களுடையது. அந்த மனைவியை மகள் அன்ரி என்று கூப்பிடுவாள். நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏஜென்ட் வீட்டைப் பார்க்க வருவான். அதற்கு ஒரு கிழமை முன்பே எனக்கு வேலை தொடங்கிவிடும். சாமிப் படங்களைக் கழற்றிச் சூட்கேஸில் வைத்துப் பூட்ட வேண்டும். குசினி மேடையில் இருக்கிற மஞ்சள் கறையைத் தேய்க்க வேண்டும். மகளுடைய உடுப்பு, பொம்மை, பள்ளிக்கூடப் படம் எல்லாம் கட்டிலுக்குக் கீழே போகும். அன்ரி தன்னுடைய தொப்பியைக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் மாட்டுவா. அவர்களுடைய கலியாணப் படம் எங்கள் முன்னறை அலுமாரிக்கு மேலே நிரந்தரமாகவே இருந்தது. கடைசியாக இரண்டு துண்டு பேக்கன் பன்றியிறைச்சி வாங்கிவந்து, சைவம் தவிர வேறொன்றும் ஏறாத என்னுடைய அடுப்பில் பொரிப்பா. கறி வாசனை போக வேண்டுமே! நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வளவிலே நிற்பேன். பிறகு மகளையும் இழுத்துக்கொண்டு பஸ் பிடித்து நூலகத்துக்கு ஓடுவேன். ஏஜென்ட் வந்து பார்த்து, அன்ரியோடு தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவான். அப்படி நூலகத்துக்கு ஓடிய ஒரு நாளில்தான் அந்தப் புத்தகம் என் கையில் வந்தது.

“அவை நல்ல ஆக்கள். சும்மா மனசைப் போட்டுக் குழப்பாதையும்,” என்பார் இவர்.

“நல்ல ஆக்கள்தான். நான் இல்லையெண்டு சொன்னனானே? ஆனா பிடிபட்டால் அவையளுக்கும் வழக்கு, எங்களுக்கும் தெரு. மறுபடியும் அந்த ஒற்றைக் கட்டிலிலை கிடக்க என்னாலை ஏலாது.”

“உமக்கு நிழலைக் கண்டாலும் பயம்.”

உண்மைதான். எதிர்வீட்டுக் கிழவியின் திரைச்சீலை அசைந்தால் பயம். தபால்காரன் படலையில் நின்றால் பயம். தேங்காய்ப்பூத் திருவும்போது சத்தம் வெளியே கேட்குமோ என்று வானொலியைக் கூட்டி வைப்பேன். என் வீட்டுக்குள்ளேயே திருடி மாதிரிக் காலை எடுத்து வைத்து நடந்தேன்.

மகளுக்கு இந்தப் பயம் ஒன்றும் தெரியாது. அவளுக்கு அந்தக் கறுப்பு மனிதரின் கதை ஒரே பிடித்தம். புத்தகத்தில் ஒரு படத்தில் அவர் சின்னப் பையனாக, வெள்ளைக்காரத் தம்பதிக்கு நடுவில் கதிரையில் இருப்பார். “அம்மா, அந்த மாமாடை கதை சொல்லுங்கோ” என்று சோறு தீத்தும்போதும் கேட்பாள், தலை இழுக்கும்போதும் கேட்பாள். நானும் ஒரு கவளம் உள்ளே போகட்டும் என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கு அது மனப்பாடம். அந்தப் பையனின் தாயைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை. கேட்காததை நான் கவனிக்கவுமில்லை.

அந்த வருடம் தெரு மரங்களில் ஊதா நிற ஜகரண்டா பூக்கிற நேரம். ஏஜென்ட் வர மூன்று நாள் இருக்கும்போது மகளுக்குக் காய்ச்சல் அடித்தது. அடுத்த நாள் முதுகில் நாலைந்து கொப்பளம். மாலைக்குள் முகமெல்லாம் போட்டுவிட்டது. டொக்டர் பார்த்துவிட்டுச் சிக்கன் பாக்ஸ் என்றார், ஒரு வெள்ளைத் திரவம் பூசச் சொன்னார். எனக்கு அது சிக்கன் பாக்ஸ் இல்லை. அம்மாள் வந்திருக்கிறா. அம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. பிள்ளையை வெள்ளை வேட்டியில் கிடத்த வேண்டும். விளக்கு அணையக் கூடாது. தண்ணீர் வார்க்கும்வரை பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. வாசலில் வேப்பிலை செருக வேண்டும். அதைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் படலைக்கு இந்தப் பக்கம் கால் வைக்க மாட்டார்கள்.

மெரிலேண்ட்ஸில் வேப்பமரத்துக்கு எங்கே போவது? ஆனால் தெரு முனையில் ஒரு மரம் நின்றது. இலை அச்சு அசல் வேப்பிலை. மலைவேம்பு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அம்மாள் கோபிக்க மாட்டா என்று நினைத்து ஒரு கொப்பு முறித்துவந்து முன்கதவில் செருகினேன். சூட்கேஸைத் திறந்து சாமிப் படத்தை எடுத்து மகளின் தலைமாட்டில் வைத்து விளக்கு ஏற்றினேன்.

இவர் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “நாளையிண்டைக்கு அவன் வாறான். பிள்ளையைப் போர்வையாலை சுத்தி அன்ரி வீட்டை கொண்டுபோய் விடுவம்.”

“அம்மாள் வந்திருக்கேக்கை பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டன்.”

“வீடு போகும்.”

“போனாப் போகட்டும்.”

அப்படிச் சொன்னேனே ஒழிய, வீடு போகும் என்ற நினைப்பில் அன்றிரவு நான் கண் மூடவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். பத்து மணிக்கு ஏஜென்ட் வருவான். ஒன்பது மணிக்கே அன்ரி வந்துவிடுவா. நானும் மகளும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்போம். பேரப்பிள்ளை வந்த இடத்தில் சிக்கன் பாக்ஸ் போட்டுக் கிடக்கிறது, உள்ளே போகாதே என்று அன்ரி அவனுக்குச் சொல்லுவா. பேக்கன் மட்டும் பொரிக்கக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டேன். அன்ரி சிரித்துவிட்டுச் சரி என்றா.

அன்று ஒன்பது மணி ஆனது, அன்ரி வரவில்லை. இவர் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் தொலைபேசி கிடையாது. ஒன்பதே கால் ஆனது. நான் ஜன்னலுக்கும் பின்னறைக்கும் நடையாய் நடந்தேன். ரயில் தாமதமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கொப்பைக் கழற்றுவோமா என்று கதவுவரை போய், கை வைக்கப் பயந்து திரும்பி வந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் பயம். அந்தக் கொப்பைக் கண்டால் அவன் திரும்பிப் போய்விடுவான் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். சிட்னியில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலைவேம்புக் கொப்பைக் கண்டு என்ன தெரியப்போகிறது! பயம் வந்தால் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

ஒன்பதரைக்கு வெளியில் கார் நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய அதே ஏஜென்ட். அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டான். கதவைத் தட்டினான். நான் நடுவறையில் நின்றேன். மறுபடியும் தட்டினான். பிறகு திறப்பு பூட்டுக்குள் போகிற சத்தம் கேட்டது. அவனிடம் ஒரு திறப்பு இருக்கும் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஓடிப்போய் நானே கதவைத் திறந்தேன். கையில் தும்புத்தடி இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. அம்மாள் இருக்கிற வீட்டில் நான் கூட்டுகிறதே இல்லை.

“வீட்டுக்கார அம்மா இல்லையா?” என்று இங்கிலீஷில் கேட்டான்.

“வெளியே போயிருக்கிறார். நான் துப்புரவு செய்ய வருகிறவள்,” என்றேன். இரண்டு பட்டம் படித்தவள் நான். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. அவன் சந்தேகப்படவே இல்லை. என் முகத்துக்கு அது பொருந்தியிருக்க வேண்டும்.

முன்னறையைப் பார்த்தான், தாளில் குறித்தான். குசினியைப் பார்த்தான், “நன்றாக வைத்திருக்கிறாய்” என்றான். நான் பின்னால் பின்னால் போனேன். பின்னறைக் கதவில் கை வைத்தபோது, “உள்ளே பிள்ளைக்குச் சிக்கன் பாக்ஸ்” என்று மட்டும் சொல்ல முடிந்தது. “எனக்கு எப்போதோ வந்துவிட்டது” என்று சொல்லிக்கொண்டு திறந்தான்.

வெள்ளை வேட்டியில் மகள் முழித்துக்கொண்டு படுத்திருந்தாள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. முகமெல்லாம் கொப்பளம், அதற்கு மேலே அந்த வெள்ளைத் திரவம். அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“யாருடைய பிள்ளை?”

பேரப்பிள்ளை என்று அன்ரி சொன்னால் எடுபடும். கதவை மூடிவைத்துச் சொல்லியிருந்தால் எடுபடும். கண்முன்னே கிடக்கிற கறுத்த பிள்ளையை எப்படி அன்ரியின் பேரப்பிள்ளை என்பது? என் பிள்ளை என்றால், கூட்ட வந்தவள் வீட்டுக்காரியின் கட்டிலில் தன் நோய்ப் பிள்ளையைக் கிடத்துவாளா? ஒரு கணத்துக்குள் இவ்வளவும் ஓடியது. அந்தக் கணத்தில் எனக்குத் துணைக்கு வந்தது அந்தப் படப் புத்தகம்தான்.

“இந்த வீட்டுக்கார அம்மாவின் பிள்ளை. பெற்றவள் கொடுத்துவிட்டாள். இவர்கள் எடுத்து வளர்க்கிறார்கள்,” என்றேன்.

சொல்லிவிட்டு மகளைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவனுடைய முகம் இளகிவிட்டது. கட்டிலுக்குக் கிட்டப் போய்க் குனிந்து, “உன் அம்மா எங்கே, செல்லம்?” என்று கேட்டான். அவள் என்னைக் காட்டினால் முடிந்தது. ஆறு வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

மகள் என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். “ட்ரெயினில் வந்துகொண்டிருக்கிறா” என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்த ஊர்ப் பிள்ளைகள் பேசுகிற அதே இங்கிலீஷ்.

“நல்ல மனிதர்கள்,” என்றான் அவன். “எல்லாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். நீ அதிர்ஷ்டக்காரி.” தாளை எடுத்து எழுதினான். எட்டிப் பார்த்தேன். ‘தத்துப்பிள்ளை ஒன்று’ என்று எழுதி, மேலே அச்சடித்திருந்த அன்ரி குடும்பத்தின் பெயரோடு ஒரு கோடு இழுத்துச் சேர்த்தான். ஒரு பேனாக் கோடுதான். என் மகள் அவர்கள் பெயருக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று மறுபடியும் வருவேன் என்று கை காட்டிவிட்டுப் போனான். அம்மாள் இருக்கிற வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு போகவும் கூடாது.

வீடு தப்பியது. அந்த வீட்டில் பிறகும் ஒன்றரை வருடம் இருந்தோம், நிறம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்து எங்கள் பெயரிலேயே வேறு வீடு கிடைக்கும்வரை. அன்ரியும் கணவரும் கடைசிவரை ஒரு சொல் மாறவில்லை. நான் பயந்தது எதுவும் அவர்களிடமிருந்து வரவில்லை.

அன்று அவனுடைய கார் போனதும் கதவைச் சாத்தினேன். குசினி நிலத்தில் குந்தியிருந்து அழுதேன், சிரித்தேன், தண்ணீர் குடித்தேன். என் பிள்ளை என்ன கெட்டிக்காரி, நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்காமலே என்னமாதிரிச் சமாளித்தாள் என்று எனக்கு ஒரே பெருமை. இவர் வந்ததும் எப்படிச் சொல்லுவது என்றுகூட மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் போகத் தோன்றவில்லை. பத்து மணிக்கு அன்ரி ஓடிவந்தா. ரயில் பாதையில் ஏதோ கோளாறு, நடுவழியில் நிற்பாட்டிவிட்டார்களாம். மூச்சு வாங்க வாங்க மன்னிப்புக் கேட்டா. நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

பின்னறைக் கதவு திறந்தது. மகள் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டிருந்தாள். கொப்பளத்துக்கு மேலே கம்பளிச் சட்டை. ஒரு கையில் பை, மறு கையில் தலையணை. நேராக அன்ரியிடம் போய் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

“நான் ரெடி,” என்றாள் இங்கிலீஷில். “உங்கள் வீட்டில் தலையணை இருக்கிறதா, இதைக் கொண்டுவரவா?”

அன்ரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தா. எனக்கு விளங்கிவிட்டது. அவள் சமாளிக்கவில்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறாள். இவ்வளவு நேரமும் அந்தக் கட்டிலில் கிடந்து, இனி யாருடைய பிள்ளை என்று யோசித்து, அழாமல் எழும்பித் தானே உடுப்புப் போட்டிருக்கிறாள். நான் பக்கத்தறையில் பெருமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அம்மாள் வந்த உடம்பைத் தொடக் கூடாது, அணைக்கக் கூடாது. நான் அவளை அள்ளி நெஞ்சோடு இறுக்கினேன். சட்டைக்குள் கொப்பளங்கள் உடைந்து நனைவது என் கைக்குத் தெரிந்தது. பொய், குஞ்சு, அம்மா சொன்னது பொய், வீட்டுக்காகச் சொன்ன பொய் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் விறைத்துப்போய் நின்றாள். கனநேரம் நின்றாள். பிறகு தலையணை கீழே விழுந்தது.

“நோகுது, அம்மா,” என்றாள். “விடுங்கோ, அம்மா.”

நான் விடவில்லை.